ஒரு கபடி அணியின் பின்னால் ஐந்து மாதம்

பள்ளி விளையாட்டு அணிக்கு என்று ஒரு பருவம் இருக்கிறது. வகுப்பறைக்குள் இருக்கும் நம்மில் பலர் அதை அறியாமலே ஆண்டை முடித்துவிடுகிறோம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஆள் தேர்வு நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி. அதில் முதலிடம் பெற்ற அணி மாவட்டத்துக்குப் போகும், மாவட்டத்தில் வென்ற அணி மாநிலத்துக்கு. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். குழு விளையாட்டுகளின் மாநிலப் போட்டி பாரதியார் தினப் பெயரிலும் தடகளம் குடியரசு தினப் பெயரிலும் நடப்பதைச் சுற்றறிக்கைகளில் பார்த்திருப்பீர்கள். கையொப்பமிட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பீர்கள்.

கம்மாபுரம் வட்டாரத்தில் எங்கள் பள்ளியின் 17 வயதுக்குட்பட்ட மாணவியர் கபடி அணியோடு 2025 ஜூன் முதல் அக்டோபர் வரை நான் போய் வந்தேன். நான் சமூக அறிவியல் ஆசிரியை. மாணவியர் அணி வெளியூர் போகும்போது ஆசிரியை ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்பதால்தான் தொடக்கத்தில் போனேன். இரண்டாவது ஆட்டத்திலிருந்து ரசிகையாகப் போனேன். விளையாட்டு தெரியாத ஓர் ஆசிரியர் ஒரு பள்ளி அணியை எப்படிப் பின்தொடரலாம், அதனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நெய்வேலி நகரியத்துக்குப் போய் வந்த பிள்ளைகள், “நம்ம ஸ்கூல்ல ஏன் மிஸ் பாஸ்கெட்பால் இல்ல?” என்று கேட்பதுண்டு. கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் கெட்டியான தளம் வேண்டும். 3.05 மீட்டர் உயரத்தில் வளையமும் பலகையும் வேண்டும். பந்துக்கும் செலவு உண்டு. பெண்கள் கபடிக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர் மண் போதும். அந்த மண்ணும் சும்மா வந்துவிடாது. எங்கள் பகுதிக் களிமண் காய்ந்தால் கல்தான். அதைக் கொத்தி, கல் பொறுக்கி, செம்மண்ணும் மரத்தூளும் கலந்து, தண்ணீர் தெளித்து ஆடுகளம் ஆக்க மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன. செம்மண்ணை ஒரு மாணவியின் அப்பா தன் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். கூலி கேட்கவில்லை. மகளை அணியில் சேர்க்கச் சொல்லியும் கேட்கவில்லை. அவள் அணியில் இடம்பெறவும் இல்லை.

கபடி பார்க்கத் தெரியாதவர்கள் பாடிப் போகிறவளையே பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். “அவள விடுங்க மிஸ், மூலையில நிக்கிறவ காலப் பாருங்க” என்று எங்கள் உடற்கல்வி ஆசிரியர் சொன்ன பிறகுதான் ஆட்டம் கண்ணுக்குப் பிடிபட்டது.

களத்தில் ஏழு பேர், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். பாடிச் செல்பவள் ‘கபடி கபடி’ என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு 30 விநாடிக்குள் திரும்ப வேண்டும். அவள் குறைந்தது பாக் லைனையாவது தாண்டியாக வேண்டும். பெண்கள் களத்தில் அது நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் இருக்கிறது. அதற்கு அப்பால் 1 மீட்டரில் போனஸ் கோடு. எதிரே ஆறு அல்லது ஏழு பேர் நிற்கும்போது மட்டுமே அந்தக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துப் புள்ளி எடுக்கலாம். இரு மூலைகளிலும் நிற்பவர்கள் ‘கார்னர்’. கணுக்காலைப் பிடிப்பது அவர்கள் வேலை. உள்ளே நிற்கும் ‘கவர்’ மோதித் தள்ளுவாள் அல்லது திரும்பும் வழியை அடைப்பாள். மூலையில் நிற்பவள் ஒரு நொடி முந்திப் பாய்ந்தால் அவுட், பிந்தினால் கோட்டை விட்டாள். பாடி வருபவளின் முன்னங்கால் தரையில் முழு எடையோடு ஊன்றும் கணம்தான் அவளுக்குரிய கணம். அந்தக் கணத்துக்காக ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண் இருபது விநாடி அசையாமல் குனிந்து நிற்பதை முதன்முறை பார்த்தபோது வியப்பாக இருந்தது. வகுப்பில் இரண்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்து நான் பார்க்காத பெண் அவள்.

கபடியில் எனக்கு மிகவும் பிடித்துப்போன விதி, அவுட் ஆனவர் திரும்பி வருவது. நம் அணி ஒருவரைத் தொட்டாலோ பிடித்தாலோ, வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே வரலாம். ஆனால் விரும்பியவரை அழைக்க முடியாது. யார் முதலில் வெளியே போனாரோ அவர்தான் முதலில் வருவார். போனஸ் புள்ளிக்கு யாரும் திரும்புவதில்லை. ஏழு பேரும் வெளியேறிவிட்டால் எதிரணிக்கு லோனா, கூடுதலாக 2 புள்ளிகள். மூவரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ஆளைப் பிடித்துவிட்டால் சூப்பர் டாக்கிள், அதற்கு 2 புள்ளிகள். இந்த நான்கு விதிகளைக் கரும்பலகையில் எழுதி என் வகுப்புக்குப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த ஆட்டத்துக்கு வந்த பிள்ளைகள் கத்துவதோடு நிற்காமல் எண்ணவும் தொடங்கினார்கள். “உள்ள நாலு, வெளிய மூணு” என்று ஒருவன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கேட்டார்கள்.

எங்கள் அணியின் முதன்மையான பாடி பத்தாம் வகுப்பு மாணவி. ஜூலை நடுவில் அவள் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள். அவள் அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். பள்ளிக்கு வந்தவர் நேராகவே கேட்டார்: “டீச்சர், பத்தாவது படிக்கிற புள்ள. உழுந்து கை காலு ஒடிஞ்சா யாரு பாக்குறது? இருட்டுன பொறவு வூட்டுக்கு வருது. ஊர்ல நாலு பேரு கேக்குறாங்க.” மூன்றும் நியாயமான கேள்விகள். விளையாட்டின் பெருமையைப் பேசி இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. மாலைப் பயிற்சியைக் காலை ஆறரைக்கு மாற்றினார் உடற்கல்வி ஆசிரியர். வெளியூர் போனால் பிள்ளையை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு என்று சொன்னேன். அரைக்கால் சட்டைக்குப் பதிலாக முழங்காலுக்குக் கீழே வரும் இறுக்கமான கால்சட்டை அணிய ஏற்பாடு செய்தோம். கை கால் ஒடியாது என்று மட்டும் நாங்கள் சொல்லவில்லை. குறுவட்டப் போட்டி பக்கத்து ஊரில் நடப்பதால் வந்து பார்க்கும்படி அழைத்தோம்.

வந்தார். தூக்குவாளியில் புளிச்சோறும் எடுத்து வந்தார். முதல் பாதி முழுக்கத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவர், இரண்டாம் பாதியில் எழுந்து நின்றார். மகள் மூன்று பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டில் விழுந்தபோது அவர் போட்ட சத்தம்தான் அன்று மைதானத்திலேயே பெரிய சத்தம்.

குறுவட்டத்தில் மூன்று ஆட்டங்கள், மூன்றும் வெற்றி. இங்கே ஒன்றை விளக்க வேண்டும். நம் போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட் முறையில் நடப்பவை. தோற்ற அணி அன்றே வீடு திரும்பும். இருநூறு பேர் படிக்கும் கிராமத்து உயர்நிலைப் பள்ளியும் இரண்டாயிரம் பேர் படிக்கும் நகரத்துப் பள்ளியும் ஒரே அட்டவணையில் மோதும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியும் 1997 வரை இப்படித்தான் நடந்தது. சிறிய பள்ளி, பெரிய பள்ளி என்ற பிரிவு இல்லை. 1954இல் மிலன் என்ற சிற்றூரின் பள்ளி இறுதி ஆட்டத்தில் மன்சி சென்ட்ரல் என்ற பள்ளியை 32-30 என்று வென்றது. மிலன் பள்ளியில் படித்தவர்கள் 161 பேர்தான். எதிரணிப் பள்ளி ஏறக்குறைய பத்து மடங்கு பெரியது. கடைசிக் கால்பகுதி ஆட்டத்தில் பாபி பிளம்ப் என்ற மாணவர் நான்கு நிமிடத்துக்கும் மேலாகப் பந்தைக் கையில் வைத்தபடி நின்றார். பின்னர் கடைசி நொடிகளில் வென்ற பந்தையும் அவரே போட்டார். அன்றைய விதி அதற்கு இடம் கொடுத்தது. இன்று கபடியில் அப்படி நேரம் கடத்த முடியாது. தொடர்ந்து இரண்டு முறை புள்ளியில்லாமல் திரும்பினால், மூன்றாவது முறை பாடுபவர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் அவுட். பின்னாளில் இண்டியானாவில் பள்ளிகளை அளவு வாரியாகப் பிரித்துவிட்டார்கள். அதை அங்கே இன்றும் குறைசொல்பவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம். பெரிய பள்ளியோடு மோதும் ஒரு நாள் சிறிய பள்ளிக்கும் வேண்டும்.

நாக் அவுட் முறையில் வேறொரு குறை இருக்கிறது. ஒரே ஆட்டத்தோடு ஆண்டு முடிந்துபோகும் அணிகளே மிகுதி. ஜூன் முதல் உழைத்து, 30 நிமிடம் ஆடி, மதியச் சாப்பாட்டுக்கு முன் பேருந்து ஏறிவிடுவார்கள். அதனால் பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஜூலையில் நட்பு ஆட்டங்கள் வைத்துக்கொள்வது நல்லது. செலவு என்று பார்த்தால் எலுமிச்சைச் சாறும் பேருந்துக் கட்டணமும்தான். எங்கள் பிள்ளைகள் அப்படி நான்கு ஆட்டங்கள் ஆடினார்கள், மூன்றில் தோற்றார்கள். குறுவட்டத்தில் பதற்றமில்லாமல் நின்றதற்கு அந்தத் தோல்விகள்தான் காரணம் என்பது உடற்கல்வி ஆசிரியரின் கணிப்பு.

காலாண்டுத் தேர்வு நடுவில் வந்து போனது. அணியில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் விடுபடுவது உண்மை. ஆசிரியர் அறையில் அதைப் பற்றி முணுமுணுப்பு எழுந்ததும் உண்மை. போட்டி நாளில் நடந்த பாடத்தின் குறிப்பை அணியில் இல்லாத தோழி எழுதித் தருவது, மறுநாள் மதிய இடைவேளையில் இருபது நிமிடம் நாங்கள் பார்ப்பது என்று ஒரு வழி செய்துகொண்டோம். கபடி ஆடினால் கணக்கு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பாடி கணக்கில் முன்பு எடுத்த மதிப்பெண்ணைத்தான் இப்போதும் எடுக்கிறாள். மாறியது வருகைப் பதிவு. திங்கள்கிழமைகளில் வராமல் இருந்த இரண்டு பெண்கள், காலைப் பயிற்சி தொடங்கிய பிறகு ஒரு திங்களும் விடவில்லை.

அக்டோபரில் மாவட்டப் போட்டி. விருத்தாசலம் போய், வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூருக்குப் பயணம். மாதவிடாய் நாளில் இருந்த இருவருக்கு மாற்றுத் துணியும் நாப்கினும் என் பையில் இருந்தன. மைதானத்தில் கழிப்பறை எங்கே, பூட்டு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று இறங்கியதும் பார்த்துவிட வேண்டும். உடன் போகும் ஆசிரியைகள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இரண்டு ஆட்டங்களில் வென்று அரையிறுதிக்கு வந்தோம். மூன்று நிமிடம் இருக்கும்போது 19-22 என்று பின்தங்கியிருந்தோம். எங்களில் மூவர் வெளியே. மூன்றாவதாக அவுட் ஆனவள் எங்கள் பாடி. அவள் உள்ளே வர இன்னும் மூன்று புள்ளிகள் வேண்டும்.

எப்போதும் மூலையில் நிற்கும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் பாடப் போனாள். கைநீட்டி ஒருத்தியைத் தொட்டுத் திரும்பினாள். 20-22. முதலாமவள் உள்ளே வந்தாள். எதிரணிப் பாடி வந்தாள். அதே பெண் கணுக்காலைப் பிடித்தாள், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். 21-22. இரண்டாமவளும் வந்துவிட்டாள். எங்கள் பாடி மட்டும் வெளியே, முழங்காலில் கைவைத்து, ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு புள்ளி போதும். அடுத்த எங்கள் பாட்டு வெறுமனே திரும்பியது. களத்தில் ஆறு பேர் இருந்ததால் எதிரணிக்குப் போனஸ் வாய்ப்பு திறந்திருந்தது. அவர்கள் அதை அறிந்தவர்கள். கோட்டைத் தாண்டித் திரும்பினாள் அந்தப் பெண். 21-23. நாங்கள் மறுபடி வெறுமனே திரும்பினோம். அவர்கள் கடைசி 30 விநாடியைத் தொடாமல் கடத்தினார்கள். விசில்.

எங்கள் பாடி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவேயில்லை. மூலைப் பெண்தான் போய்க் கைகொடுத்துத் தூக்கினாள். குறிஞ்சிப்பாடி வரை பேருந்தில் யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு, ஆறு பேர் இருந்தபோது கவர் ஓரடி முன்னே நின்றிருந்தால் போனஸ் போயிருக்குமா என்று வாக்குவாதம் தொடங்கி, சேத்தியாத்தோப்பு போகும் வண்டியில் மாறிய பிறகும் நடந்தது.

குறுவட்டத்தில் மூன்று, மாவட்டத்தில் மூன்று. ஆறு ஆட்டங்கள், 180 நிமிடம். எங்கள் பருவம் அவ்வளவுதான்.

அதே மாதக் கடைசியில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியின் துணைத்தலைவி சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. அந்தக் காணொளியைத் திறன் வகுப்பறையில் போட்டுக் காட்டினோம். கைதட்டல் எல்லாம் முடிந்த பிறகு, மூலைப் பெண் கேட்டது ஒன்றுதான்: “மிஸ், அந்த கார்னர் பிடிக்கிற எடத்த மறுபடி போடுங்க.” ஐந்து முறை போட்டோம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் இருக்காது. ஆனால் எங்களிடம் ஆறாம் வகுப்புக்கு வரும்போதே நல்ல கால்களோடு வரும் பிள்ளைகள் எல்லாம் நொண்டி, பாண்டி, ஓடிப்பிடித்து ஆடி வளர்ந்தவர்கள் என்பதை உடற்கல்வி ஆசிரியர் பட்டியல் போட்டே காட்டினார். நொண்டியில் ஒற்றைக் காலில் திசை மாற்றத் தெரிந்தவளுக்குக் கபடியில் திரும்பச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாலையில் கடைசி அரை மணி நேரம் அவர்களை மரத்தடியில் ஆட விடுங்கள். ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் போதும்.

அணியில் ஐவர் இந்த ஆண்டோடு வயது வரம்பைத் தாண்டுகிறார்கள். சனிக்கிழமை காலைகளில் மூலைப் பெண் ஏழாம் வகுப்புச் சிறுமிகள் ஒன்பது பேருக்குக் கணுக்கால் பிடி சொல்லித் தருகிறாள். மழையில் ஆடுகளம் கரைந்துவிட்டது. செம்மண் மறுபடி வேண்டும். டிராக்டர்காரரிடம் தை பிறந்ததும் கேட்பதாக இருக்கிறோம்.