விருந்தும் விடுதியும்

ஊர் காணச் செல்வோர் பலர். சென்றவிடத்துத் தங்கும் மனையை ஆராய்ந்து தெரிவோர் சிலரே. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியிலே, திராட்சைத் தோட்டங்கள் படர்ந்த குன்றுச்சரிவின் அடியில் அமைந்த போன் என்னும் சிறுநகர் அவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். மதில் வளைத்த அதன் உள்நகரைக் கோடிக்குக் கோடி கால்மணி நேரத்தில் நடந்து கடக்கலாம். மது அருந்தாதாரும் அங்கு நடந்து பயன்பெறலாம்.

ஹோட்டல் என்னும் சொல்லின் வேரை நாடுவோம். இலத்தீனிலே 'ஹொஸ்பெஸ்' என்னும் ஒரு சொல் விருந்தினனையும் விருந்தோம்புவானையும் ஒருங்கே குறிக்கும். அவ்வேரினின்றே தங்குமனையைக் குறிக்கும் 'ஹோட்டல்' என்பதும், மருத்துவமனையைக் குறிக்கும் 'ஹொஸ்பிற்றல்' என்பதும் கிளைத்தன. பிரெஞ்சு மொழியில் ஹோட்டல் என்பது செல்வர் மாளிகையையும் சுட்டும்.

இவ்வுறவுக்குப் போன் நகரின் 'ஓட்டெல் தியூ' சான்றாகும். 'இறைவனின் இல்லம்' என்னும் பொருளுடைய அது தங்குவிடுதி அன்று. ஏழைப் பிணியாளர்க்கு எடுத்த அறச்சாலை. நூற்றாண்டுப் போரின் இன்னல் தீராத காலத்தில், பர்கண்டிக் கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலன் தம் மனைவி கிகோனுடன் 1443இல் அதனை நிறுவினார். அதன் முற்றத்துக் கூரைகள் பலநிற ஓடுகளால் ஒளிர்வன. ஏழையர் மண்டபத்திலே, கட்டிலிற் கிடந்தவாறே வழிபாடு காணுமாறு இருமருங்கும் படுக்கைகள் அமைந்தன. 1971 வரை நோயாளரைப் பேணிய அப்பழைய மனை இன்று அரும்பொருட்சாலை. அறக்கொடையாய் வந்த திராட்சைத் தோட்டங்களின் மது, 1859 தொடங்கி ஆண்டுதோறும் ஏலத்தில் விலையாகி அறப்பணிக்கு உதவுகின்றது.

ஆதலின், இந்நகரில் விடுதி தெரிவோர் பழமையை மட்டும் நோக்குதல் போதாது. திராட்சையின் அடித்தண்டைக் குறிக்கும் 'லெ செப்' என்னும் பெயர் தாங்கிய விடுதி, முற்காலச் செல்வர் மனைகளை இணைத்து அமைந்தது. அதன் வளைவுத் தூண்கள் சூழ்ந்த கன்முற்றம் காணத்தக்கது. இத்தகைய மனைகளிலே அறைகள் ஒன்றையொன்று ஒவ்வா. படிகள் குறுகியும் செங்குத்தாயும் இருத்தல் கூடும். முதியோர் மின்தூக்கி உண்டோவென முன்னரே வினவுக. உறக்கம் வேண்டுவோர் தெருப்பக்கம் தவிர்த்து முற்றப்பக்கம் கேட்பாராக. ஏலம் நடைபெறும் நவம்பர் மாதத்தில் இடம் அரிது. மதிலினுள்ளே தங்கின் வண்டி வேண்டுவதில்லை.

முகப்பிலே பழமையைப் பூசிக்கொண்ட விடுதிகள் எங்கும் உள. பழைய உத்தரத்தையும் படியையும் பேணுவதோடு, வந்தாரை இன்முகத்தோடு ஏற்பதுவே மெய்யான பழமை. பொருளற்றார்க்கே அந்நகரின் புகழ்மிக்க மாளிகையிற் கட்டில் விரித்தனர் என்பதை, பொருள் கொடுத்துத் தங்கும் நாமும் விடுதி நடத்துவோரும் மறவாதிருத்தல் நன்று.