மேஜை மேல் பறக்கும் இத்தாலி விமானங்கள்!

உலகில் மிஞ்சியவை இரண்டு. பறப்பதோ வீட்டுக் கம்ப்யூட்டரில்!

கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் விமானத்தைத் திருப்பும் பிடி. இடது கையில் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி. காலடியில் இரண்டு பெடல்கள். மேஜை ஓரத்தில் ஆறிப்போன காப்பி. திரையில், பத்தாயிரம் அடி கீழே, ஆப்பிரிக்கப் பாலைவனம் விரிந்து கிடக்கிறது!

அவர் ஓட்டுவது "ஃபோல்கோரே" என்ற இத்தாலியப் போர் விமானம். மின்னல் என்று பொருள். 1940 ஆகஸ்டு 10-ந் தேதி முதன் முதலில் ஆகாயத்தில் ஏறியது. மணிக்குச் சுமார் 600 கிலோ மீட்டர் வேகம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

இன்று முழு உருவில் எஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று வாஷிங்டன் தேசிய விமான, விண்வெளிப் பொருட்காட்சி சாலைக்குச் சொந்தம். மற்றொன்று ரோம் நகருக்கு அருகே, பிராச்சியானோ ஏரிக்கரையில், இத்தாலிய விமானப் படையின் பொருட்காட்சி சாலையில் நிற்கிறது. இரண்டும் பறப்பதில்லை. ஃபோல்கோரேயை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இருக்கும் ஒரே வழி "சிமுலேட்டர்"தான்.

விமானிகளுக்குத் தரையிலேயே பயிற்சி கொடுக்கப் பிறந்த யந்திரம் சிமுலேட்டர். இப்போது அது வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. பொழுதுபோக்குதானே என்று நினைக்கலாம். ஆனால் செத்துப்போன ஒரு விமானத்தை அதற்குள் உயிரோடு எழுப்புவது லேசான வேலை அல்ல.

நீளச் சிறகு, குட்டைச் சிறகு

ஃபோல்கோரேயில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் இடது சிறகு, வலது சிறகைவிடச் சுமார் 20 சென்டி மீட்டர் நீளம்!

இது தச்சன் செய்த தவறல்ல. முன்னால் சுழலும் விசிறி ஒரு பக்கமாகச் சுற்றும்போது, விமானத்தின் உடல் எதிர்ப் பக்கமாகப் புரளப் பார்க்கும். இடது பக்கம் சாயும் விமானத்துக்கு இடது சிறகை நீளமாக வைத்துவிட்டால், அந்தப் பக்கம் தூக்கும் சக்தி கொஞ்சம் அதிகமாகும். சாய்வு சரியாகும். இந்த யோசனையைச் செய்தவர் மரியோ கஸ்தோல்டி என்ற எஞ்சினீயர். பந்தயக் கடல் விமானங்கள் செய்து கைதேர்ந்தவர். 1934-ல் மணிக்கு 709 கிலோ மீட்டர் பறந்து உலகச் சாதனை செய்த விமானமும் அவருடைய படைப்பே.

சிமுலேட்டர் செய்கிறவர் இந்தச் சிறகைப் படத்தில் நீட்டினால் மட்டும் போதாது. கணக்கிலும் நீட்ட வேண்டும்! எந்த வேகத்தில் எவ்வளவு தூக்கும், எந்த உயரத்தில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், எத்தனை நிமிஷம் முழு வேகத்தில் ஓட்டினால் சூடேறிக் கெட்டுப்போகும்—எல்லாம் கணக்கு. பழைய வரைபடம், விமானிக்குக் கொடுத்த கைப்புத்தகம், யுத்த காலச் சோதனைக் குறிப்பு, பொருட்காட்சி சாலையில் எடுத்த புகைப்படம் என்று தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்.

கடற்கரையில் இறங்கிய பருந்து

சில சமயம் எதிரியே உதவி செய்து வைத்திருக்கிறான்!

1940-ல் முசோலினி, பிரிட்டனைத் தாக்க ஒரு விமானப் படையைப் பெல்ஜியத்துக்கு அனுப்பினார். நவம்பர் 11-ந் தேதி அது ஹார்விச் துறைமுகத்தை நோக்கிக் கிளம்பியது. குண்டு வீச்சு விமானங்களுக்குத் துணையாக வந்தவை "ஃபால்கோ" என்ற சண்டை விமானங்கள். பருந்து இனத்துப் பறவையின் பெயர். உலகம் ஒற்றைச் சிறகு விமானத்துக்கு மாறிவிட்ட காலத்தில், இது மேலும் கீழுமாக இரட்டைச் சிறகு கொண்டது. உள்ளே இழுத்துக்கொள்ள முடியாத சக்கரங்கள். வேகம் மணிக்குச் சுமார் 440 கிலோ மீட்டர். எதிரே வந்த ஹரிக்கேன்களோ 500-க்கு மேல் போகக்கூடியவை. முடிவைச் சொல்ல வேண்டுமா?

அன்று ஒரு ஃபால்கோவில் எண்ணெய்க் குழாய் பழுதாகி, ஆர்ஃபோர்ட் நெஸ் கடற்கரையில் இறங்கியது. விமானி சிறைப்பட்டார். விமானத்தைப் பிரிட்டிஷார் பழுது பார்த்து, பறக்கவிட்டுச் சோதித்தார்கள். இன்றும் அது ராயல் விமானப் படையின் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

2011-ல் வந்த "கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்" என்ற சிமுலேட்டர் இந்த 1940 யுத்தத்தைப் பற்றியதே. அதில் ஃபியட் ஜி-50 என்ற இத்தாலிய விமானத்தை ஓட்டலாம். ரசிகர்களாகத் தொடங்கிய ஒரு குழு, பிறகு அதைச் செப்பனிட்டு வளர்த்தது. 2020-ல் தோப்ருக் பாலைவனப் போரை அதில் சேர்த்தது. ஃபோல்கோரேயும் ஃபால்கோவும் அப்போது ஓட்டக் கிடைத்தன.

ஜி-50 கதை வேடிக்கையானது. முதலில் அதற்குக் கண்ணாடி மூடி இருந்தது. இத்தாலிய விமானிகளுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தில் காற்று அடிக்க வேண்டும் என்றார்கள்! மூடியை எடுத்துவிட்டார்கள். பெல்ஜியத்துக் குளிரில் அந்த விமானிகள் பட்ட பாடு எந்தத் திரையிலும் தெரியாது.

குறையையும் கொடு!

சிமுலேட்டர் ரசிகர்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு. "என் விமானம் இவ்வளவு மெதுவாகவா போகும்?" என்று கோபிப்பார்கள். ஃபோல்கோரேயின் மூக்கில் இரண்டே யந்திரத் துப்பாக்கிகள். பின்னால் வந்தவற்றில் சிறகில் இன்னும் இரண்டு சிறு துப்பாக்கிகள். எதிரே வரும் ஹரிக்கேன் சிலவற்றிலோ நாலு பீரங்கி! வாங்குகிறவர் மனம் குளிர நாலு குண்டு கூட்டிப் போடுவது சுலபம். அப்படிப் போட்டால் அது பொம்மை; விமானம் அல்ல. உண்மையான விமானி எவ்வளவு கஷ்டத்தோடு சண்டை போட்டான் என்பதைத் தெரிந்துகொள்ளவே நல்ல ரசிகன் பணம் கொடுக்கிறான்.

திரையில் தெரியாத இன்னொன்றும் உண்டு. வட ஆப்பிரிக்காவிலும் எரித்ரியாவிலும் இந்த விமானங்களுக்குக் கீழே இருந்தவர்களில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். 1941-ல் கெரன் மலையில் இத்தாலியரோடு மோதிய 4-வது இந்திய டிவிஷனில் மதராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். மேலே ஃபால்கோ இரைந்தால், அது அவர்களுக்கு விளையாட்டாக இருக்கவில்லை.

ஃபோல்கோரே சரியாகப் பறக்கிறதா என்று சாட்சி சொல்ல, அதை யுத்தத்தில் ஓட்டியவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது. பிற்கால விமானங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 1976-ல் முதன் முதலாகப் பறந்த எம்.பி.-339 பயிற்சி ஜெட், 1982 முதல் இத்தாலியின் "ஃபிரெச்சே திரிகொலோரி" சாகசக் குழுவின் விமானமாயிற்று. பத்து விமானங்கள் ஒட்டி ஒட்டிப் பறந்து பச்சை, வெள்ளை, சிவப்புப் புகை விடும் குழு அது. இந்த ஜெட்டை "டி.சி.எஸ்." சிமுலேட்டருக்காகச் செய்த இத்தாலியக் கம்பெனியின் பெயர் இந்தியாஃபாக்ஸ்ட்எக்கோ! நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. "ஐ" என்ற எழுத்தை ரேடியோவில் விமானிகள் "இந்தியா" என்று சொல்வது வழக்கம்; அவ்வளவுதான்.

2022-ல் அது வெளிவந்தது. அந்தச் சாகசக் குழுவைப் போலவே கம்ப்யூட்டரில் அணிவகுத்துப் பறக்கும் ரசிகர் குழு ஒன்றும் இத்தாலியில் உண்டு. ஆளுக்கு ஒரு வீடு. ஆகாயம் மட்டும் ஒன்று. பக்கத்து விமானத்தின் சிறகு நுனியிலேயே கண். ஒருவர் கை கொஞ்சம் நடுங்கினாலும் மற்றவர் காதில் சத்தம் கேட்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.