நச்சுப்புகை: விசிறி சுழன்றால் போதுமா?

புது தில்லி: பெங்களூரு வைட்ஃபீல்ட் ஆராய்ச்சி மையங்களில் ரசாயனம் கையாள்வோருக்கு உயிர்க்கவசம், நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிதான். ஆனால் விசிறி சுழல்வதாலேயே பாதுகாப்பு உறுதியாகிவிடாது.

"ஆஷ்ரே 110' என்ற அமெரிக்கச் சோதனை முறையில், பெட்டிக்குள் நிமிடத்துக்கு 4 லிட்டர் சல்பர் ஹெக்ஸாஃபுளூரைடு வாயு செலுத்தப்படுகிறது. முன்னால் நிறுத்தப்படும் மனித உருவப் பொம்மையின் மூக்கருகே கசிவு அளக்கப்படுகிறது. உறிஞ்சும் வேகம் சரியாக இருந்தாலும், குளிர்சாதனக் காற்றோ, குறுக்கே நடப்பவரோ சுழலை உண்டாக்கி நச்சை வெளியே இழுத்துவிடக்கூடும்.

1984-ம் ஆண்டு போபால் துயரத்துக்குப் பின், 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் நாடாளுமன்றம் செய்த திருத்தம், பணியிடக் காற்றில் நச்சுப் பொருள்களுக்கு உச்சவரம்பு விதித்தது. 2025 நவம்பரில் அச்சட்டத்துக்குப் பதிலாகப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. வரம்பைச் சட்டம் வகுக்கலாம். பெட்டி அதைக் காக்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்லும்.