நீவாடு பரிமாறும் பந்தி

வெப்பக் கடலின் தெளிந்த நீர் கண்ணுக்குத்தான் செழிப்பு. மீனுக்கு அது பஞ்சப் பிரதேசம். உணவு குறைவாக இருப்பதால்தான் அவ்வளவு தெளிவு. அப்படியிருக்க, பவளப்பாறை விளிம்பில் மட்டும் மீன்கள் எப்படி மொய்க்கின்றன? பவளத்துக்குள் வாழும் பாசி அதற்குச் சோறு போடும். இத்தனை மீனுக்கும் அதுவே போட்டுவிடாது. ஒரு குடம் நீரில் இரை சொற்பம்தான். ஆனால் நீர் ஓயாமல் ஓடிவந்தால் அந்தச் சொற்பமே மலையாகிவிடும். வில்லியம் ஹாம்னரும் சக ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபை ஆராய்ந்து 1988-இல் எழுதியது இதைத்தான்: பாறையின் முகப்பில் நிற்கும் மீன்கள், நீர் சுமந்துவரும் மிதவை உயிரிகளைப் பாறைக்கு வந்துசேரும் முன்பே தின்றுவிடுகின்றன. ஆகவே நம் மீனவர்கள் 'நீவாடு' என்று சொல்லும் நீரோட்டம், ஸ்கூபா பயணிக்கு இடைஞ்சல் அல்ல. அவர் பார்க்க வந்த காட்சியே அதனால் உண்டானது. அதை எதிர்த்து நீந்துவதைவிட, அதோடு போய்ப் பார்ப்பதே சரி என்பது என் வாதம்.

மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். நமக்கு மழை தரும் அதே பருவக்காற்றுகள்தான் அங்கும் கடலைத் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே போகும். தென்மேற்குப் பருவத்தில் திசை திரும்பும். பவள வளையங்களின் இடைவெளிகளில் அது நெருக்கியடித்து நுழைகிறது. அங்கே பாறையிலிருந்து ஒரு கை தூரத்தில் ஆரஞ்சு நிறக் குட்டி மீன்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும், எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் பார்த்தபடி. வால் துடித்துக்கொண்டே இருக்கும், உடல் நகராது. தூசுபோல ஒன்று மிதந்து வந்தால் வாய் முன்னே நீண்டு கவ்வும், பிறகு அதே இடம். நீரோட்டம் நின்றால் பந்தி கலைந்துவிடும். நீரை உறிஞ்சி விடைத்து நிற்கும் மென்பவளங்களும் துவண்டு சாயும்.

வேகமாகப் போனால் எதைப் பார்க்க முடியும் என்று கேட்கலாம். பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுவதில்லை, பரிமாறுபவர்தான் நகர்கிறார். மீன்கள் தம் இடத்தில் நிற்க, மிதப்பவர் வரிசை முழுவதையும் பார்த்துவிடுகிறார். எதிர்த்து நீந்துபவரோ காற்றைத்தான் செலவழிப்பார். வேகம் இரண்டு மடங்கானால் நீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஆவதைப்போல் மூன்று மடங்கு காற்று வேண்டும். ஆபத்து என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. கீழிழுக்கும் ஓட்டம் உண்டு, திறந்த கடலுக்கு அடித்துச் செல்லப்படுவதும் உண்டு. அதனால்தான் இது புதியவர்களுக்கு ஏற்றதல்ல. மேலே பின்தொடரும் படகும், ஊதி மேலே அனுப்பும் அடையாள மிதவையும் இல்லாமல் இறங்கவே கூடாது. ஆனால் இவை பயிற்சி வேண்டும் என்பதற்கான காரணங்கள். நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி மூச்சிரைப்பதும் ஆபத்துதானே? மிதந்து போகாமல் ஒரே இடத்தில் நிற்கவும் வழி உண்டு: பலாவுவின் புளூ கார்னரில் பாறையில் கொக்கியை மாட்டி நின்று பார்க்கிறார்கள். செத்த பாறையில் மாட்டினால் தவறில்லை. உயிருள்ள பவளத்தில் மாட்டினால் பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் முறியும்.

நீரோட்டத்தை எதிர்க்காமல் பயன்படுத்தும் கணக்கு சுறாக்களுக்கும் தெரியும். பிரெஞ்சு பாலினீசியாவின் ஃபகராவா கால்வாயில் சாம்பல் சுறாக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021-இல் வெளியானது. மேலெழும் நீரில் பருந்துபோல் மிதந்து அவை உழைப்பை மிச்சப்படுத்துகின்றன. வரிசையாக நிற்கும் அவற்றில் முனைக்கு வந்த சுறா உடலைத் தளர்த்தி, நீரோட்டத்தோடு பின்னே வந்து, கடைசியில் சேர்ந்துகொள்கிறது. அடுத்தது முன்னே நகர்கிறது.