மனநலிவுற்றோர் குடும்பங்களும் சேகரக் குருவானவரும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்னிட்டுச் சில குறிப்புகள்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், பொழுது புலருமுன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளுள் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் அச்செய்தியைத் தானாகவே வழக்காக ஏற்றது; காப்பகங்கள் மூடப்பட்டன. எனினும் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் யார் என்னும் வினா அதிகம் எழவில்லை. பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தாரே. அவர்களை அன்பற்றவர்கள் எனத் தீர்ப்பிடுதல் எளிது. ஆண்டுக்கணக்கில் உறக்கமின்றி, கைப்பொருளும் இழந்து, உறவினருக்கு முகங்காட்ட இயலாது நின்ற ஒரு வீட்டாருக்கு அன்று வேறு எந்த வாசல் தெரிந்திருந்தது?

இன்று வாசல்கள் உண்டு. 2018 மே முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்கிறது. ஆயினும் பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கரையோர ஊர்களில் ஒரு குடும்பம் முதலில் நாடுவது கோயிலையோ தர்காவையோ குருவானவரையோ ஆகலாம். ஆதலின் குருவானவரின் முதற்சொல் மிகுந்த பொறுப்புக்குரியது.

மாற்கு 9-ஆம் அதிகாரம் இங்கு நினைக்கத்தக்கது. சீடரும் வேதபாரகரும் வாதாடிக்கொண்டிருக்க, வலிப்புற்ற மகனோடு தகப்பன் காத்து நிற்கிறான். ஆண்டவரோ மகனைக் குணமாக்குமுன், இது எவ்வளவு காலமாய் உண்டாயிருக்கிறது என்று தகப்பனை வினவுகிறார். மருத்துவர் கேட்கும் முதல் வினாவும் அதுவே. ஜெபமா மருந்தா என்று நம்மிடையே நடக்கும் வாதமும் பெரும்பாலும் தகப்பனைக் காக்கவைத்து நடக்கும் வாதந்தான். மாத்திரையை நிறுத்துவதே விசுவாசம் எனக் கேட்டு வீடு திரும்பி, நோய் முற்றியவர்களை நம்மிற் பலர் அறிவோம்.

மருத்துவத்திற்குச் சிதம்பரம் வட்டாரத்தார் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அண்ணாமலைநகரில் 1985-இல் தொடங்கப்பெற்ற இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்பொழுது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. அங்கு மனநலத் துறை உண்டு. கடலூர்ப் பகுதியினர் அரசு தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தைக் குறித்து விசாரிக்கலாம். வீட்டை விட்டு வெளிவரத் தயங்குவோருக்கு 14416 என்னும் தொலைபேசி எண் உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவை கட்டணமின்றி இரவும் பகலும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

குருமார் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இரு நிலைகளை இங்கு வேறுபடுத்துதல் வேண்டும். மனநோய் இடையில் வருவது, மருந்தால் தணிவது. அறிவுசார் குறைபாடு இளமையிலேயே தோன்றி வாழ்நாள் முழுதும் நிலைப்பது. அதற்கு வேண்டியது பயிற்சி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் இரண்டும் அடங்கும். சலுகைகளுக்கெல்லாம் திறவுகோல் மருத்துவச் சான்றும் அடையாள அட்டையுமே. அறிவுசார் குறைபாடுடையோர், கடும் பாதிப்புடையோர் முதலியோருக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் திங்கள்தோறும் 2,000 ரூபாயாக உயர்ந்தது. இதற்குக் கடலூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். தொகை சிறிதுதான், ஆயினும் விண்ணப்பிக்காத வீடுகள் நம் சேகரங்களில் உண்டா என்று பார்த்தோமா?

பெற்றோரின் நெஞ்சை அரிக்கும் கேள்வி ஒன்றே: எங்களுக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்? பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால் பெற்றோரும் தாமாகவே சட்டப்படியான காப்பாளராக நீடிப்பதில்லை என்பதைப் பலர் அறியார். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கும், மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். தாய் தந்தையர் உயிரோடிருக்கும்போதே இதனை முடித்துக்கொள்வது நன்று. மனநோய் மட்டும் உடையோர்க்கு இச்சட்டம் பொருந்தாது.

திருமணத்தைப் பற்றியும் ஒரு சொல். கலியாணம் ஆனால் சரியாகிவிடும் என்று பெற்றோர் கூறுவதைக் கேட்டு நோயை மறைத்து ஓலை வாசிக்கும் குருவானவர், இரு குடும்பங்களைக் கெடுக்கிறார். மணநாளில் ஒருவர் சித்த சுவாதீனமற்றவராயிருந்தால் அம்மணம் செல்லாது என அறிவிக்க 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் 19-ஆம் பிரிவில் இடமளிக்கிறது. மறைத்ததின் பலனை ஒன்றும் அறியாத பெண்ணே பெரும்பாலும் சுமக்கிறாள்.

குடும்பத்தை விலக்கி வைத்துச் செய்யும் மருத்துவம் நிலைப்பதில்லை என்பதை நம் நாடு முன்னரே கண்டது. அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகர் 1950-களில் நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கச் செய்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்திலும் நோயாளியோடு உறவினர் தங்கும் முறை நெடுங்காலமாக உண்டு. ஆனால் கூலி வேலைக்குச் செல்லும் தாய் எத்தனை நாள் தங்குவாள்? வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு யார் சோறிடுவர்? இங்குதான் சேகரத்தின் இடம். 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கிக் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, துயருற்றோருடன் அமர்ந்து செவிசாய்க்கப் பயிற்சி பெற்றவர்களில் மருத்துவப் படிப்பில்லாத எளிய மக்களும் இருந்தனர். பெண்கள் ஐக்கியத்தில் இருவர் முறைவைத்து வாரம் ஒரு பிற்பகல் நோயாளியுடன் இருந்தால், அத்தாய் கடலூருக்குப் பேருந்தேறிச் சான்றிதழ் வேலையை முடித்துவிட்டு விளக்கு வைக்குமுன் திரும்பலாம்.