கடல் தாண்டிய அம்மிக்கல்

மகனோடு வசிக்கத் தில்லியிலிருந்து மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்தபோது வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பினோம். என் அனுபவம் சங்க அன்பர்களுக்குப் பயன்படலாம்.

புறப்படுமுன் 12 மாதங்களாவது நம்மிடம் புழங்கிய வீட்டுப் பொருள்களுக்கு ஆஸ்திரேலியாவில் சுங்க வரி கிடையாது. ஆனால் மண், விதை, வைக்கோல் எது ஒட்டியிருந்தாலும் தடுத்துவிடுவார்கள். மரப்பெட்டியில் அடைத்தால், அந்த மரம் உள்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றுவது போன்ற ஏற்கப்பட்ட முறையில் பதப்படுத்தப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். பெட்டிகளுக்கு எண்ணிட்டு, உள்ளிருப்பதை ஒன்றுவிடாமல் பட்டியலிடுங்கள்.

அம்மா கொடுத்த முறம் சாணம் மெழுகியது, மனமில்லாமல் விட்டுவந்தேன். அவருடைய அம்மிக்கல்லை மட்டும் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பட்டியலிலும் எழுதி அனுப்பினேன். சோதனையில் தேறிவிட்டது! இன்று பேத்திக்கு அதில்தான் துவையல் அரைத்தேன்.