டர்போ ஏன் தாமதிக்கிறது?

1977 ஜூலையில், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ரெனோ நிறுவனம் ஒரு மஞ்சள் காரை இறக்கியது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் டர்போ கார் அதுதான். மற்ற கார்களில் 3 லிட்டர் எஞ்சின். இதில் வெறும் 1.5 லிட்டர். நேர்தடத்தில் சீறிப் பாய்ந்த அந்தக் கார், வளைவிலிருந்து வெளிவரும்போது மட்டும் திணறியது. ஆக்சிலரேட்டரை மிதித்தபின் சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு மொத்த இழுவையும் ஒரேயடியாக வந்து இறங்கும். ‘டர்போ லேக்’ எனப்படுவது இந்தத் தாமதம்தான்.

சைலன்சர் வழியே வெளியேறும் சூடான புகையில் நிறைய ஆற்றல் வீணாகிறது. அதைப் பயன்படுத்தும் வழிதான் டர்போ. அதற்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்றார். புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும். காற்று கூடினால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் வலிமையைத் தரும்.

சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. கூடுதல் காற்று வேண்டுமானால் கூடுதல் புகை வேண்டும். கூடுதல் புகைக்கோ கூடுதல் காற்று வேண்டும். இந்தச் சுழற்சி படிப்படியாகத்தான் வலுப்பெறும். சக்கரத்துக்கும் நிலைமம் உண்டு. நிமிடத்துக்கு 20,000 சுற்றிலிருந்து 1,00,000 சுற்றுக்கு அது ஏற வேண்டுமென்றால், வேகம் 5 மடங்கு. அதன் இயக்க ஆற்றலோ 25 மடங்கு. அவ்வளவையும் புகைதான் கொடுத்தாக வேண்டும்.

சக்கரத்தைச் சிறிதாக்குவது ஒரு தீர்வு. வடிவ விகிதம் மாறாமல் விட்டம் பாதியானால், சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன் 32-இல் ஒரு பங்காகிவிடும். 1979-இல் ரெனோ, ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலாக இரண்டு சிறிய டர்போக்களைப் பொருத்தியது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று, பிரான்ஸின் டிஜோன் தடத்தில் ஓட்டுநர் ஜான்-பியர் ஜபூய் அந்த இரட்டை டர்போ காரில் வென்றார். ஃபார்முலா ஒன்னில் டர்போ எஞ்சினின் முதல் வெற்றி அது.

பின்னர் வேறு வழிகளும் வந்தன. டர்பைனைச் சுற்றியுள்ள தகடுகள் திரும்பி, குறைந்த புகையையும் விரைந்து பாயவைக்கும் அமைப்பு இன்று பல டீசல் கார்களில் இருக்கிறது. சில விலையுயர்ந்த கார்களில், புகைக்குக் காத்திராமல் மின்மோட்டாரே அச்சைச் சுழற்றிவிடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும், சாதாரண டர்போ காரில் ஓர் எல்லை எஞ்சியிருக்கிறது. எஞ்சின் மிகக் குறைந்த சுற்றில் ஓடும்போது டர்போவை எழுப்பப் போதுமான புகையே இருக்காது. அப்போது உயர்ந்த கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்திப் பயனில்லை. ஒரு கியர் குறைத்தால் எஞ்சினின் சுற்று உயரும், புகை பெருகும், டர்போ விழித்துக்கொள்ளும். லாரியை முந்த வலப்பக்கம் ஏறிய பிறகு இதைச் செய்வது ஆபத்து. ஏறும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.